டர்போ காருக்கு இன்டர்கூலர் தேர்ந்தெடுப்பது: அளப்பதில் தொடங்கி ரீமேப் வரை, வரிசைப்படி

டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றை என்ஜினுக்குள் போகும் முன் குளிரவைக்கும் பாகம்தான் இன்டர்கூலர். பெரிய இன்டர்கூலர் மாட்டிய பிறகு "பிக்கப் அப்படியேதான் இருக்கு, ஆனால் சிக்னலில் நின்றால் ஏசி குளிரவே மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் வாங்கிய பொருள் பெரும்பாலும் நல்ல பொருள்தான். தவறு வேலையின் வரிசையில் இருக்கிறது. முதலில் வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் அதற்கு இடம் தேடுகிறார்கள், வெப்பநிலையை அளப்பது கடைசியில். சரியான வரிசையில் அளப்பது முதலில் வரும், காற்று வாங்கும் இடம் அடுத்து, கோர், அதாவது இன்டர்கூலரின் ஃபின்கள் (மெல்லிய தகடுகள்) நிறைந்த நடுப்பகுதி, அதற்கும் பிறகு.

இங்கே சொல்வதெல்லாம் நம் ஊர் வெயிலில் தினமும் ஓடும், சுமார் 100 முதல் 200 குதிரைசக்தி வரையிலான கார்களுக்கு. பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டிக்குக் கணக்கு வேறு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓபிடி போர்ட்டில் (காரின் கணினியிலிருந்து விவரங்களை எடுக்கும் இணைப்பில்) செருகும் ஒரு புளூடூத் கருவியும், அதிலிருந்து வரும் எண்களைப் பதிவு செய்து வைக்கும் ஒரு செயலியும் வேண்டும். அந்த நொடியின் எண்ணை மட்டும் காட்டும் செயலி போதாது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது திரையைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.

இதுபோக, ரெகுலேட்டர் வைத்த ஏர் கம்ப்ரஸர், டர்போவின் உள்ளிழுக்கும் வாயை அடைக்க ஒரு மூடி, சோப்புத் தண்ணீர், பூஸ்ட்டை, அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தை, காட்டும் ஒரு கேஜ், டேப், பழைய அட்டைப்பெட்டி ஒன்று. அட்டைப்பெட்டி எதற்கு என்பது 9-ஆம் படியில் தெரியும்.

2. இப்போது காரில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

இதைப் பார்க்காமலே பலர் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். "என் விர்ட்டஸுக்கு ஃப்ரண்ட் மவுண்ட் எவ்வளவு ஆகும்?" என்று பம்பருக்குள் வைக்கும் இன்டர்கூலருக்கு விலை கேட்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியது, அந்தக் காரின் 1.0 டிஎஸ்ஐ என்ஜினில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே (என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் பகுதிக்குள்ளேயே) இருக்கிறது என்பதுதான். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.0, 1.5 டிஎஸ்ஐ என்ஜின்களில் அது தண்ணீரால் குளிரும் வகை. தனி எலெக்ட்ரிக் பம்ப், முன்னால் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர் என்று அதற்கென்றே ஒரு சுற்று ஓடுகிறது. 1.0-வில் காற்றால் குளிரும் இன்டர்கூலரை மாட்ட வேண்டுமென்றால் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும். தினசரி ஓட்டும் காருக்கு அது தேவையில்லாத செலவு. அங்கே பார்க்க வேண்டியது பம்ப் ஓடுகிறதா, கூலன்ட்டில் காற்று அடைத்திருக்கிறதா, முன்னால் உள்ள அந்தச் சின்ன ரேடியேட்டர் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான்.

பழைய ஃபார்ச்சூனர் 3.0 டீசலில் இன்டர்கூலர் என்ஜினுக்கு மேலே படுத்திருக்கும், பானெட்டில் உள்ள திறப்பு வழியாகக் காற்று வாங்கும். பம்பருக்குள் இன்டர்கூலர் வைத்து, எதிர்க்காற்றால் குளிர வைக்கும் வகைதான் சாலையில் அதிகம். மூன்றும் மூன்று விதமாகச் சூடாகும், மூன்று விதமாக ஆறும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் காருக்குப் பலித்த தீர்வு உங்களுக்குப் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. அழுக்கும் கசிவும்: வாங்கும் முன் இதை முடியுங்கள்

பம்பரின் கீழ்க் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலம் முடிந்த பிறகு பார்த்தால் ஃபின்களுக்கு நடுவே ஈசல் இறக்கையும் செம்மண்ணும் சேர்ந்து பாய் விரித்தது போல ஒட்டியிருக்கும். மெதுவான தண்ணீரில், முடிந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் ஹை பிரஷர் ஜெட்டை நேரே காட்டினால் ஃபின்கள் மடங்கிவிடும். மடங்கிய ஃபின் அழுக்கை விட மோசம்.

அடுத்தது கசிவுச் சோதனை. என்ஜின் ஓடாத நிலையில் டர்போவின் வாயை அடைத்து, ரெகுலேட்டர் வழியாக அரை பாரில் தொடங்கி, காரின் வழக்கமான பூஸ்ட் அளவு வரை மட்டும் காற்றை ஏற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் குண்டு மாதிரி பறக்கும். ஆயில் மூடிப் பக்கம் லேசாக உஸ் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். திறந்திருக்கும் வால்வு வழியாகவும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டியும் கொஞ்சம் காற்று கிராங்க்கேஸுக்குள் போவது இயல்பு.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், கசிவு இருக்கும் காரில் அதே பூஸ்ட்டை எட்ட டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். கூடுதலாகச் சுற்றினால் காற்று கூடுதலாகச் சூடாகும். நூறு ரூபாய் கிளாம்ப்பில் சரியாக வேண்டியதை இன்டர்கூலரின் குறை என்று நினைத்துப் பெரிய தொகையைக் கொட்டுவது இப்படித்தான் நடக்கிறது.

4. வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள்

செயலியில் "இன்டேக் ஏர் டெம்பரேச்சர்" என்று ஓர் எண் வரும். அது எந்த இடத்து வெப்பநிலை என்று முதலில் உறுதி செய்யுங்கள். சில கார்களில் அந்த சென்சார் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில், டர்போவுக்கு முன்னால் இருக்கும். அது வெளிக்காற்றைத்தான் சொல்லும், இன்டர்கூலரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மேனிஃபோல்டில் இருக்கும் சென்சாரின் எண்தான் நமக்கு வேண்டும்.

அதோடு என்ஜின் வேகம், பூஸ்ட், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் கொடுக்கும் தருணம்), வண்டியின் வேகம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். மூன்று சூழல்கள் போதும். மதிய வெயிலில் நகர நெரிசலில் அரை மணி நேரம். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம். மூன்றாவதாக ஒரு மலையேற்றம். ஏற்காடோ கொல்லிமலையோ எதுவானாலும் சரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் என்ஜின் கடுமையாக உழைக்கும், வண்டியின் வேகமோ குறைவு, அதனால் எதிர்க்காற்றும் குறைவு. இன்டர்கூலருக்கு இதைவிடக் கடினமான தேர்வு சாலையில் கிடையாது. முழு ஆக்சிலரேட்டர் சோதனையைப் பொதுச் சாலையில் செய்ய வேண்டாம். காரை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோ இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் டிராக் இருக்கிறது.

படிப்பது இப்படி. சீரான ஓட்டத்தில் வெளிக்காற்றை விட 10, 15 டிகிரி கூடுதல் என்றால் நல்லது. முழு மிதிப்பில் 15, 20 டிகிரி ஏறி, காலை எடுத்ததும் அரை நிமிடத்தில் இறங்கினால் இருப்பதே போதும். ஒவ்வொரு மிதிப்பிலும் முன்னதை விட மேலே ஏறிக்கொண்டே போய், கூடவே இக்னிஷன் டைமிங்கும் பின்னால் போனால்தான் இன்டர்கூலர் திணறுகிறது என்று அர்த்தம். சூடான காற்று நாக்கிங்கை (எரிபொருள் நேரம் தவறித் தானே வெடிப்பதை) வரவழைக்கும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதைத் தடுக்க டைமிங்கைக் குறைக்கும், பிக்கப் போய்விடும்.

நெரிசலில் மட்டும் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் அது என்ஜின் சூடு ஊறுவது. எந்த இன்டர்கூலர் வாங்கினாலும் அது முழுதாகப் போகாது.

5. ஒரே ஒரு கணக்கு

இதைத் தாளில் ஒருமுறை போட்டுவிட்டால் விளம்பரங்களைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

வெளியே 35 டிகிரி. பூஸ்ட் 1 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு. டர்போவுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம். அப்படியானால் டர்போவிலிருந்து வெளிவரும் காற்று சுமார் 130 டிகிரி. இன்டர்கூலரின் குளிர்விக்கும் திறன் 70 சதவீதம் என்றால், 130-க்கும் 35-க்கும் இடையிலான 95 டிகிரியில் 70 சதவீதத்தை அது எடுத்துவிடும். மிச்சம் சுமார் 64 டிகிரி.

இப்போது அதே இன்டர்கூலரின் முகத்தில் படுவது 35 டிகிரி காற்று இல்லை, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரிலிருந்து வரும் 55 டிகிரி காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிவருவது 77 டிகிரிக்கு மேல். பதின்மூன்று டிகிரிக்கும் அதிகமான நஷ்டம். பணம் செலவழித்து 70 சதவீதக் கோரை 80 சதவீதக் கோராக மாற்றினால் கிடைக்கும் லாபம் ஒன்பது, பத்து டிகிரிதான். குளிர்ந்த காற்றைக் கோரின் முகத்துக்குக் கொண்டுவருவது, கோரை மாற்றுவதை விடப் பெரிய வேலை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அழுத்த இழப்பும் உண்டு. கோரின் உள்ளே நெளிந்து போகும்போது காற்று கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். முன்னும் பின்னும் கேஜ் வைத்து அளந்தால் 0.1 பாருக்குள் இருப்பது நல்லது. 0.2 பாரைத் தாண்டினால் அந்தக் கோர் உங்கள் என்ஜினுக்கு இறுக்கம். 1 பார் பூஸ்ட்டில் 0.1 பார் இழந்தால் காற்றின் அடர்த்தியில் 5 சதவீதம் போகிறது. 10 டிகிரி குறைத்தால் கிடைப்பது 3 சதவீதம். நன்றாகக் குளிரவைத்து, அழுத்தத்தை விழுங்கும் கோர் ஒட்டுமொத்தமாக நஷ்டத்தில் முடியலாம்.

6. இடத்தை முடிவு செய்யுங்கள்

கோரைப் பார்ப்பதற்கு முன் இடம். அது எவ்வளவு பெரிய கோர் பொருந்தும் என்பதைத் தீர்மானித்துவிடும்.

முன்பக்கம் வைப்பது சாலைக் காருக்குப் பெரும்பாலும் சரியான முடிவு, குளிர்ந்த காற்று அங்கேதான் இருக்கிறது. விலை என்னவென்றால், பின்னால் நிற்கும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று குறையும். மேலே படுத்திருக்கும் வகையில் குழாய் குட்டை, மிதித்தவுடன் பதில் வரும். ஆனால் என்ஜின் சூடு கீழிருந்து ஏறும். அந்த வகை காரில் முதலில் பார்க்க வேண்டியது பானெட் திறப்புக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே ஓரமாக ஓடும் ஃபோம் சீல். பழைய வண்டிகளில் அது காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும், விரல் வைத்தால் கையோடு வரும். அது போனால் வெளிக்காற்று இன்டர்கூலருக்குள் இறங்காமல் ஓரமாக வழிந்துவிடும். புது சீல் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

தண்ணீரால் குளிரும் வகைக்கு இடம் குறைவாக உள்ள காரில் மதிப்பு உண்டு. தண்ணீர் தன் எடைக்கு எடை காற்றைப் போல் நான்கு மடங்கு சூட்டை உள்வாங்கும். சிறிது நேர வேகத்துக்குப் பிரமாதம். மலையேற்றம் போல நீண்ட உழைப்பில் தண்ணீரே சூடேறிவிட்டால் ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். புதிதாக அமைப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. பம்ப், வயரிங், கசிவு என்று கவனிக்க வேண்டியவை அதிகம்.

இடத்துக்காகப் பம்பருக்குள் இருக்கும் இரும்பு பீமை வெட்டச் சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. வேண்டாம். மோதலில் உங்களைக் காப்பது அதுதான். பிளாஸ்டிக்கைச் செதுக்கலாம், பீமைத் தொடக்கூடாது. பீம் இடிக்கிறது என்றால் சின்ன கோர் வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உத்தரவாதம் மீதமிருந்தால் அதன் நிபந்தனைகளையும், இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

7. கோர்: முகம் பெரிதாக, தடிமன் அளவாக

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 600க்கு 300, 76 மி.மீ. தடிமன் உள்ள கோரைத்தான் புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். 1.0 லிட்டர் என்ஜினுக்கு அது வேண்டாத சுமை.

கோரின் முன்பக்கம் காற்று நுழையும்போது குளிர்ச்சியாக இருக்கிறது, உள்ளே போகப் போகச் சூடாகிறது. தடிமனின் பின்பாதிக்குப் போய்ச் சேர்வது ஏற்கெனவே சூடான காற்று. அதனால் தடிமனைக் கூட்டக் கூட்டப் பலன் குறைகிறது, ரேடியேட்டருக்குப் போகும் காற்று மட்டும் மேலும் தடைபடுகிறது. 150 முதல் 200 குதிரைசக்திக்கு 500க்கு 200, தடிமன் 55 முதல் 65 மி.மீ. என்பது என் அனுபவத்தில் தாராளம். இடம் இருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள்.

அடுத்த கேள்வி, கோர் கட்டப்படும் இரண்டு முறைகளில் பார் அண்ட் பிளேட்டா, டியூப் அண்ட் ஃபினா. முதலாவது கனமானது, கல் பட்டால் தாங்கும், சூடேற நேரம் எடுக்கும், ஏறிய சூடு ஆறவும் நேரம் எடுக்கும். இரண்டாவது எடை குறைவு, வெளிக்காற்றை எளிதாக விடும், சீக்கிரம் ஆறும், ஆனால் மென்மையானது. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடி, ரேடியேட்டர் இடம் நெருக்கமாக உள்ள காருக்கு டியூப் அண்ட் ஃபின் போதும். மலையேற்றமும் டிராக்கும் போகிறவர் பார் அண்ட் பிளேட் எடுக்கலாம்.

பழைய பொருள் வாங்குவதானால் ஒன்று கேளுங்கள்: அந்தக் காரின் டர்போ உடைந்ததா? உடைந்திருந்தால் அதன் உலோகத் துகள்கள் உள் ஃபின்களில் சிக்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது, ஒருநாள் கிளம்பி நேரே என்ஜினுக்குள் போகும்.

8. எண்ட் டேங்க்கும் குழாயும்

கோரின் முனையில் குழாயைச் சேர்க்கும் பெட்டிதான் எண்ட் டேங்க். அதன் வாய் ஒரு மூலையில் திடீரென்று திரும்பினால் காற்று கோரின் பாதியில்தான் ஓடும். படிப்படியாக விரியும் வடிவம் நல்லது.

குழாய் விஷயத்தில் பெரிதாக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். 200 குதிரைசக்திக்குத் தேவையான காற்று, 1 பார் பூஸ்ட்டில், 2 அங்குலக் குழாயில் வினாடிக்கு ஏறத்தாழ 40 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. வேகம் தொல்லையாகத் தொடங்குவது 130 மீட்டரைத் தாண்டும்போது. ஆக 2 அங்குலமே தாராளம், டர்போ, த்ராட்டில் வாய்கள் பெரிதாக இருந்தால் மட்டும் இரண்டேகால், இரண்டரை. மூன்று அங்குலக் குழாய் இடத்தை அடைப்பதைத் தவிர எதுவும் செய்யாது. வளைவுகளைக் குறைப்பதில் அந்தக் கவனத்தைச் செலுத்துங்கள்.

9. காற்றுப்பாதை

பம்பரின் திறப்புக்கும் கோரின் முகத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் காற்று சுலபமான வழியில், அதாவது கோரைச் சுற்றி, போய்விடும். அதை மூடுவதுதான் டக்ட்.

அட்டைப்பெட்டி இப்போது வேலைக்கு வருகிறது. திறப்பிலிருந்து கோரின் நான்கு ஓரங்களுக்கும் அட்டையை வெட்டி டேப் ஒட்டி மாதிரி செய்யுங்கள். பொருந்தியதும் அதையே அச்சாக வைத்து மெல்லிய அலுமினியத் தகடிலோ பிளாஸ்டிக் ஷீட்டிலோ வெட்டுங்கள். ஓரங்களில் ஃபோம் ஒட்டுங்கள். திறப்பு கோரின் முகத்தைவிடச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, கோர் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்து, ஓரங்கள் அடைபட்டிருந்தால் போதும்.

உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். கோருக்கும் கண்டென்சருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் கவசம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலர் ஓட்டுகிறார்கள். பல கார்களில் அந்தத் தட்டுதான் சூடான காற்று சுற்றி வந்து மறுபடி முன்னால் நுழையாமல் தடுக்கிறது. கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

கையால் சோதிக்க ஒரு வழி: சின்ன நூல் துண்டுகளை டக்ட்டின் உட்சுவரில் ஒட்டி, ஒரு பழைய போனை வீடியோவில் போட்டுப் பத்திரமாகக் கட்டி வைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நூல் கோரை நோக்கி நேராக நின்றால் சரி. துடித்துக்கொண்டோ திரும்பிக்கொண்டோ இருந்தால் அங்கே காற்று வழிதவறுகிறது.

10. மாட்டும் வரிசை

முதலில் எல்லாவற்றையும் தளர்வாக வைத்துப் பாருங்கள், எதையும் வெல்டிங் செய்யாதீர்கள். பம்பரை மாட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிச் சக்கரம் குழாயில் படுகிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து உள்ள உயரத்தைப் பாருங்கள், நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர் எந்த அளவுக்கும் கட்டுப்பட்டதில்லை. என்ஜின் மிதிக்கும்போது அசையும். அதனால் என்ஜினோடு சேர்ந்த குழாய்க்கும் பாடியோடு சேர்ந்த குழாய்க்கும் நடுவே சிலிகான் ஹோஸ் வேண்டும், இரும்புக்கு இரும்பு கூடாது.

அப்புறம் ஆர்கான் வெல்டிங். குழாயின் ஒவ்வொரு முனையிலும் லேசான மேடு உருட்டியிருக்க வேண்டும். மேடு இல்லாத வழுவழு முனையில் ஹோஸ் பூஸ்ட் ஏறும்போது டப்பென்று கழன்றுவிடும். கிளாம்ப்பை மேட்டைத் தாண்டி, குழாய் முனைக்கு எதிர்ப்பக்கத்தில், என்ஜின் ஆயில் ஈரம் துடைத்த குழாய்மேல் இறுக்குங்கள். மேட்டின் மேலேயே கிளாம்ப் போடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வெட்டியதும் ராவியதும் விட்டுச்சென்ற அலுமினியத் தூள் குழாய்க்குள் இருக்கும். மாட்டும் முன் கழுவி, நூல் உதிராத துணியை உள்ளே இழுத்து எடுங்கள். துணி சுத்தமாக வரும்வரை.

11. மாட்டிய பிறகு

3-ஆம் படியின் கசிவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒரு வாரம் ஓட்டி, கிளாம்ப்புகளை ஒருமுறை கூட இறுக்குங்கள். சூடேறி ஆறும்போது சிலிகான் கொஞ்சம் படியும்.

பிறகு அதே சாலை, அதே நேரம், கிட்டத்தட்ட அதே வெயிலில் 4-ஆம் படியின் பதிவை எடுங்கள். இந்த முறை கூலன்ட் வெப்பநிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது அது முன்பைவிட மேலே போனால், அல்லது ஃபேன் நிற்காமல் ஓடினால், கோருக்கும் கண்டென்சருக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கும் டக்ட்டுக்கும் திரும்பிப் போங்கள்.

ரீமேப், அதாவது ஈசியூவில் உள்ள எண்களை டியூனர் மாற்றி எழுதுவது, இதற்கெல்லாம் பிறகுதான். கசிவு உள்ள, காற்றுப்பாதை சரியில்லாத காரில் ரீமேப் செய்தால் டியூனர் அந்தக் குறைகளுக்கு ஏற்ப எண்களை எழுதிவிடுவார். நீங்கள் பிறகு குறையைச் சரிசெய்தாலும் அந்த எண்கள் பழைய காருக்கானவை. டியூனரிடம் போகும்போது முன்பும் பின்பும் எடுத்த இரண்டு பதிவுகளையும் கொண்டுபோங்கள். எந்தப் பெட்ரோல் போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 100 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் சாதாரண பெட்ரோலை ஊற்றினால் எந்த இன்டர்கூலராலும் நாக்கிங்கை நிறுத்த முடியாது.